ட்ரை-கேட்ச் போட்ட பிறகும் குடோன் கணக்கு ஏன் இடிக்கிறது?

வந்த கேள்வி இது: எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தில் ஒரு ஸ்டோர்டு புரொசீஜர், அதாவது அங்கேயே சேமித்துவைத்த கட்டளைத் தொகுப்பு. ஒரு குடோனிலிருந்து இன்னொரு குடோனுக்குச் சரக்கு மாற்றுவது அதன் வேலை. முதல் குடோனின் இருப்பைக் கழிக்கிறது, இரண்டாவதன் இருப்பைக் கூட்டுகிறது, மாற்றப் பதிவேட்டில் ஒரு வரி சேர்க்கிறது. மூன்று கட்டளைகளும் ட்ரை பிளாக்குக்குள் இருக்கின்றன. பிழை வந்தால் ஓடும் கேட்ச் பிளாக்கில், கேட்டவர் பிழைச் செய்தியை பிரிண்ட் செய்கிறார். அப்படியிருந்தும் சில நாட்களில் கழித்த சரக்கு எங்கும் கூடுவதில்லை. பில்லிங் திரையோ 'மாற்றம் முடிந்தது' என்று காட்டுகிறது. இதற்குப் பிழையை எழுப்பும் கட்டளைகளில் ரெய்ஸ்எரர் போட வேண்டுமா, த்ரோ போட வேண்டுமா?

த்ரோ போடுங்கள். ஆனால் அதை மட்டும் சேர்த்தால் கணக்கு சரியாகிவிடாது. திரையில் பிழை தெரியும், கழித்த சரக்கு கழித்தபடியேதான் இருக்கும்.

பிழை வந்தால் இரண்டு காரியம் நடந்தாக வேண்டும். பாதி எழுதியது மொத்தமாகத் திரும்ப வேண்டும். அழைத்த புரோகிராமுக்கு விஷயம் தெரிய வேண்டும். உங்கள் புரொசீஜரில் இரண்டுமே நடக்கவில்லை. கேட்ச் பிளாக் என்பது பிழையை மறைக்கும் இடம் என்று நினைத்து எழுதப்பட்ட குறியீட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு, பிழையை மேலே அனுப்பிவைக்கும் இடம் அது.

முதலில், பாதி எழுதியது. ட்ரை பிளாக் வேறு, டிரான்சாக்‌ஷன் வேறு. பின்னது, மொத்தமாக நடக்கும் அல்லது மொத்தமாகத் திரும்பும் கட்டளைகளின் கட்டு. நீங்கள் தனியாகச் சொல்லாதவரை எஸ்கியூஎல் சர்வர் ஒவ்வொரு கட்டளையையும் தனி டிரான்சாக்‌ஷனாகவே நடத்தும். முதல் அப்டேட் முடிந்த கணமே அது கமிட் ஆகிவிட்டது, அதாவது நிரந்தரமாகிவிட்டது. இரண்டாவது அப்டேட்டில் பிழை வந்து கேட்ச்சுக்குள் போகும்போது, முதலாவதைத் திருப்ப அங்கே எதுவும் பாக்கி இல்லை.

அடுத்து, திரையில் வரும் 'முடிந்தது'. பிரிண்ட் வெறும் செய்தி, பிழை அல்ல. கேட்ச் பிளாக் அமைதியாக முடிந்தால், 'இந்தப் பிழையை நான் பார்த்துக்கொண்டேன்' என்று நீங்கள் சர்வரிடம் சொன்னதாக அர்த்தம். அதன் பிறகு அழைத்தவருக்குப் பிழை எதுவும் போகாது. அழைக்கும் டாட்நெட் புரோகிராம் பக்கத்தில், செவிரிட்டி (பிழையின் கடுமை எண்) 11-ஆகவோ அதற்கு மேலாகவோ வரும் செய்திதான் எக்ஸெப்ஷனாக மாறும். 10-ம் அதற்குக் கீழும் தகவல் செய்தியாக ஓரமாகப் போய்விடும், யாரும் கேட்காவிட்டால் காணாமலே போகும். சிலர் பிழை வந்தால் 'ரிட்டர்ன் -1' என்று எழுதுகிறார்கள். அந்த மதிப்பை எடுத்துப் பார்க்கும் புரோகிராமை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன், அதை நம்ப வேண்டாம்.

சரி, புரொசீஜர் எப்படி இருக்க வேண்டும்? முதல் வரி செட் நோகவுண்ட் ஆன் (எத்தனை வரி மாறியது என்ற செய்தியை நிறுத்த). இரண்டாம் வரி செட் எக்ஸாக்ட்_அபார்ட் ஆன். அதன் பிறகு பிகின் ட்ரை. அதற்குள் பிகின் டிரான்சாக்‌ஷன், உங்கள் மூன்று கட்டளைகள், கமிட் டிரான்சாக்‌ஷன். என்ட் ட்ரை. பிகின் கேட்ச். அதற்குள் இரண்டே வரி: திறந்திருக்கும் டிரான்சாக்‌ஷன் எண்ணிக்கையைச் சொல்லும் @@டிரான்கவுண்ட் 0-க்கு மேல் இருந்தால், எழுதியதைத் திருப்பும் ரோல்பேக் டிரான்சாக்‌ஷன்; பிறகு எந்த மதிப்பும் இல்லாமல் வெறும் த்ரோ. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அரைப்புள்ளி. என்ட் கேட்ச். தரவை எழுதும் எல்லா புரொசீஜரையும் இதே அச்சில் வார்த்துவிடலாம்.

இதில் பலரும் விட்டுவிடுவது அந்த இரண்டாம் வரி. எக்ஸாக்ட்_அபார்ட் சாதாரணமாக ஆஃப் நிலையில்தான் இருக்கும். டேபிள் மாறும்போது தானாக ஓடும் டிரிகருக்குள் மட்டும் தானாகவே ஆன். ஆஃபில் இருக்கும்போது எந்தப் பிழை எதை நிறுத்தும் என்பதில் ஒரு சீரான விதி கிடையாது. ட்ரை-கேட்ச் இல்லாத இடத்தில், தனித்தன்மை விதியை மீறும் பிழை எண் 2627, வெளிச்சாவி அல்லது செக் விதியை மீறும் 547 போன்றவை வந்தால் அந்த ஒரு கட்டளை மட்டும் ரத்தாகும். அடுத்த வரி ஓடும், டிரான்சாக்‌ஷன் திறந்தே இருக்கும், கடைசியில் கமிட்டும் ஆகும். அதே இடத்தில் எழுத்தை எண்ணாக மாற்ற முடியாமல் 245 வந்தால் முழு பேட்ச்சும் (ஒன்றாக அனுப்பிய கட்டளைத் தொகுதி) நின்று டிரான்சாக்‌ஷனே திரும்பிவிடும். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி பிழைகள், நடத்தை நேர் எதிர். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். ஆன் என்று வைத்துவிட்டால், ஓட்டத்தில் கட்டளைகள் எழுப்பும் பிழை ஏறக்குறைய எதுவாக இருந்தாலும் மொத்தமாகத் திரும்பும் என்ற ஒரே விதிக்குள் வந்துவிடுவீர்கள்.

ட்ரை-கேட்ச் இருக்கும்போது அந்த வரி எதற்கு என்று கேட்பார்கள். கேட்ச்சுக்கு வராத பிழைகள் இருக்கின்றன, அதற்காகத்தான். அவற்றில் மிக மோசமானது டைம்அவுட். டாட்நெட்டில் ஒரு கமாண்டுக்கு இயல்பான காத்திருப்பு 30 விநாடி. அது தாண்டினால், 'போதும், நிறுத்து' என்று கிளையன்ட்தான் சர்வருக்குச் சைகை அனுப்புகிறது. சர்வரின் கண்ணில் அது பிழை அல்ல, ஓட்டம் அப்படியே நிற்கிறது. கேட்ச் பிளாக் ஓடாது, அதனால் அங்கே நீங்கள் எழுதிய ரோல்பேக்கும் ஓடாது. எக்ஸாக்ட்_அபார்ட் ஆஃபாக இருந்தால் டிரான்சாக்‌ஷன் திறந்தபடி, பூட்டுகளைப் பிடித்தபடி நிற்கும். கனெக்‌ஷன் பூலிங் (இணைப்பை மூடாமல் வைத்து மறுபடி பயன்படுத்தும் வசதி) இருந்தால் இன்னும் சிக்கல்: அந்த இணைப்பு பூலுக்குத் திரும்பிப் போய், வேறு யாராவது அதை எடுத்துப் பயன்படுத்தும்வரை பூட்டு விடுபடாது. 'காலையில் நன்றாக இருந்தது, பதினோரு மணிக்கு எல்லாத் திரையும் உறைந்துவிட்டது' என்று அழைப்பு வந்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

அப்புறம், இல்லாத டேபிளின் பெயர். எஸ்கியூஎல் சர்வர் புரொசீஜரை உருவாக்கும்போது டேபிள் இருக்கிறதா என்று பார்க்காமல், ஓடும்போதுதான் பார்க்கும். அப்போது எழும் 208-ஐ அதே புரொசீஜரில் இருக்கும் கேட்ச் பிடிக்காது. அதை அழைத்த வெளிப்புரொசீஜரின் கேட்ச்தான் பிடிக்கும். உள்ளே திறந்த டிரான்சாக்‌ஷன், எக்ஸாக்ட்_அபார்ட் இல்லையென்றால், திறந்தே கிடக்கும். செவிரிட்டி 20-ஆகவோ அதற்கு மேலாகவோ போய் இணைப்பே அறுந்துபோகும் பிழைகளும் கேட்ச்சுக்கு வராது. ஆனால் இணைப்பு போனால் டிரான்சாக்‌ஷனும் திரும்பிவிடும் என்பதால் அவை அவ்வளவு தொல்லை இல்லை.

எக்ஸாக்ட்_அபார்ட் ஆன் என்றால் ஒரு விலை கொடுக்கிறீர்கள். ட்ரைக்குள் பிழை வந்து கேட்ச்சுக்குள் நுழையும்போது டிரான்சாக்‌ஷன் 'இனி கமிட் ஆகாது' என்ற நிலைக்குப் போயிருக்கும். எக்ஸாக்ட்_ஸ்டேட் என்ற ஃபங்ஷன் -1 என்று சொல்லும். 1 என்றால் இன்னும் கமிட் செய்யலாம், 0 என்றால் டிரான்சாக்‌ஷனே இல்லை. -1 நிலையில் எதையும் படிக்கலாம், எழுத முடியாது. எழுதப் போனால் 3930 என்ற புதுப் பிழை வந்து, பழைய பிழையை யாரும் பார்க்காதபடி மறைத்துவிடும்.

பிழைப் பதிவேடு வைப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். இதில் நானே ஒரு தடவை நன்றாக அடிபட்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்கு மாதக் கடைசியில் வட்டி போடும் புரொசீஜர் எழுதிக் கொடுத்தேன். கேட்ச்சில் பிழை விவரத்தை ஒரு டேபிளில் எழுதிவிட்டு, அதன் பிறகு ரோல்பேக் செய்தேன். எக்ஸாக்ட்_அபார்ட் வைக்கவில்லை, அதனால் எழுதுவதில் தடை எதுவும் வரவில்லை. ரோல்பேக் தன் வேலையைச் சரியாகவே செய்தது: வட்டிக் கணக்கோடு சேர்த்துப் பிழைப் பதிவையும் துடைத்துவிட்டது. பிழைப் பதிவேடு காலியாக இருப்பதைப் பார்த்து எல்லாம் நலம் என்று இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தோம். வட்டி ஏறாததைக் கண்டுபிடித்தது ஒரு பாஸ்புக்காரர். அவர் கவுன்டரில் நின்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது அங்கே வேலை செய்த ஊழியர், நான் அல்ல. அந்தச் சங்கடம் இன்றும் எனக்குள் இருக்கிறது.

ஆகவே வரிசை இப்படி: முதலில் ரோல்பேக், பிறகு பதிவேட்டில் எழுதுவது, கடைசியில் த்ரோ. எரர்_நம்பர், எரர்_மெசேஜ், எரர்_லைன், எரர்_புரொசீஜர் ஆகிய ஃபங்ஷன்கள் கேட்ச் முடியும்வரை மதிப்பை வைத்திருக்கும், ரோல்பேக்குக்குப் பிறகும் அவற்றைக் கேட்கலாம். எந்தச் சரக்கு, எவ்வளவு அளவு என்று வேறு விவரமும் எழுத வேண்டுமென்றால் அவற்றை வேரியபிளிலோ டேபிள் வேரியபிளிலோ வைத்துக்கொள்ளுங்கள். டேபிள் வேரியபிள் ரோல்பேக்குக்குக் கட்டுப்படாது, உள்ளே போட்டது அப்படியே இருக்கும். தற்காலிக டேபிள் அப்படியில்லை, அது திரும்பிவிடும்.

இனி, உங்கள் கேள்வியில் நீங்களே கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு அதன்மேல்தான் அதிகச் சந்தேகம். இரண்டாவது குடோனில் அந்தச் சரக்குக்கு இதுவரை ஒரு வரியே இல்லை என்றால் என்ன ஆகும்? அப்டேட் ஓடும், 0 வரிகள் மாறும், பிழை வராது. எஸ்கியூஎல்லைப் பொறுத்தவரை 0 வரியை மாற்றுவதும் வெற்றிதான். கேட்ச் என்று ஒன்று இருப்பதே அந்த ஓட்டத்துக்குத் தெரியாது. டிரான்சாக்‌ஷன் போட்டாலும், எக்ஸாக்ட்_அபார்ட் வைத்தாலும், த்ரோ எழுதினாலும் இந்தத் தவறு அப்படியே தொடரும். 'சில நாட்களில் மட்டும்' என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால், புதுச் சரக்கு முதன்முறையாக அந்தக் குடோனுக்குப் போன நாட்களாக அவை இருக்கலாம். மாற்றப் பதிவேட்டின் தேதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் பிழையை நாமேதான் எழுப்ப வேண்டும். அப்டேட் முடிந்த உடனே, எத்தனை வரி மாறியது என்று சொல்லும் @@ரோகவுண்ட் மதிப்பை ஒரு வேரியபிளில் எடுத்துவையுங்கள். 'உடனே' என்று அழுத்திச் சொல்லக் காரணம், நடுவில் ஓர் இஃப் வந்தாலே அந்த மதிப்பு மாறிவிடும். அது 1 இல்லையென்றால் த்ரோ 50011, 'பெறும் குடோனில் சரக்கு வரி இல்லை' என்ற செய்தி, ஸ்டேட் 1. கழிக்கும் பக்கத்திலும் இதே உத்தி உதவும்: அப்டேட்டின் 'வேர்' என்ற நிபந்தனைப் பகுதியிலேயே 'இருப்பு கேட்ட அளவுக்குக் குறையாமல் இருந்தால்' என்று சேர்த்துவிட்டால், இருப்பைப் படிப்பது ஒரு கட்டளை, கழிப்பது ஒரு கட்டளை என்று பிரியாது, இடையில் இன்னொருவர் புகுந்து கழிக்கவும் முடியாது. 0 வரி மாறினால் 'இருப்பு போதவில்லை' என்று 50010 எழுப்பலாம். அதோடு டேபிளிலேயே இருப்பு 0-க்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு செக் விதி வையுங்கள். புரொசீஜரைத் தாண்டி நேரடியாக டேபிளில் கை வைப்பவரையும் அது நிறுத்தும்.

இப்போது ரெய்ஸ்எரரும் த்ரோவும். எஸ்கியூஎல் சர்வர் 2000 காலத்தில் ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் @@எரர் 0-ஆ என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் லேபிளுக்குத் தாவ வேண்டும். ஒரு வரியில் மறந்தாலும் போச்சு. 2005-இல் ட்ரை-கேட்ச் வந்தது. ஆனால் கேட்ச்சிலிருந்து பிழையை மேலே அனுப்ப அப்போதும் ரெய்ஸ்எரர்தான். 2012-இல்தான் த்ரோ வந்தது. அந்த ஏழு ஆண்டுக் குறியீடு இன்னும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்த்து எழுதியே புதியவர்களும் ரெய்ஸ்எரர் பழகுகிறார்கள்.

ரெய்ஸ்எரரின் சிக்கல் என்ன? ஆங்கிலத்தில் அதன் எழுத்துக்கூட்டில் ஓர் 'இ' குறைவு என்பதை விடுங்கள். அதற்குச் செய்தியைச் சரமாகக் கொடுத்தால் எரர் நம்பர் எப்போதும் 50000 ஆகிவிடும். உள்ளே வந்தது டெட்லாக் (இருவர் ஒருவர் பூட்டுக்கு ஒருவர் காத்து முடங்குவது) 1205-ஆக இருந்தாலும் வெளியே போவது 50000. '1205 வந்தால் திரும்ப முயற்சி செய்' என்று டாட்நெட் பக்கத்தில் எழுதிய நல்ல குறியீடு அதன் பிறகு எதற்கும் உதவாது. இன்னொன்று, ட்ரைக்கு வெளியே ரெய்ஸ்எரர் எழுப்பினால் பிழை போகும், ஆனால் அடுத்த வரி ஓடும். எக்ஸாக்ட்_அபார்ட் ஆன் என்றாலும் அது கேட்காது. 'இருப்பு போதவில்லை' என்று பிழை எழுப்பிவிட்டு அடுத்த வரியிலேயே இருப்பைக் கழிக்கும் புரொசீஜரை என்னால் உங்களுக்குக் காட்ட முடியும். எழுதியவர் ரிட்டர்ன் போட மறந்திருந்தார். ட்ரை இல்லாத இடத்தில் த்ரோ எழுப்பினால் பேட்ச் அங்கேயே நிற்கும். வெறும் த்ரோ என்றால் மூலப் பிழையின் எண், செவிரிட்டி, வரி எண் எல்லாம் மாறாமல் மேலே போகும். நாமே எண் கொடுத்து எழுப்பும்போது செவிரிட்டி எப்போதும் 16. எண் 50000-லிருந்து தொடங்க வேண்டும்.

த்ரோவிலும் ஒரு குழி இருக்கிறது: அதற்கு முந்தைய கட்டளை அரைப்புள்ளியோடு முடிய வேண்டும். மேலே அரைப்புள்ளி என்று நான் சொன்னது அழகுக்காக அல்ல. 'ரோல்பேக் டிரான்சாக்‌ஷன்' என்று எழுதி அரைப்புள்ளி இல்லாமல் அடுத்த வரியில் 'த்ரோ' என்றால், த்ரோ என்ற பெயருள்ள டிரான்சாக்‌ஷனைத் திருப்பச் சொல்வதாக சர்வர் படிக்கும். புரொசீஜர் எந்தப் புகாரும் இல்லாமல் கம்பைல் ஆகும். உண்மையில் பிழை வரும் நாளில், 'அந்தப் பெயரில் டிரான்சாக்‌ஷன் இல்லை' என்று 6401 வரும், ரோல்பேக்கும் நடக்காது. ஒரு செலக்ட்டுக்குப் பிறகு அரைப்புள்ளி இல்லாமல் எழுதினால் இன்னும் மோசம்: டேபிளுக்கு நீங்கள் வைத்த மாற்றுப்பெயராக த்ரோ மாறிவிடும், பிழை சத்தமில்லாமல் மறையும்.

செய்திகளைத் தமிழில் வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்பி_ஆட்மெசேஜ் மூலம் செய்திகளை முன்கூட்டியே பதிந்துவைக்கலாம். ஆனால் சர்வருக்குத் தெரிந்த மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. அதைவிட முக்கியம், அந்தச் செய்திகள் டேட்டாபேஸில் இருக்காது, சர்வரில் இருக்கும். பேக்அப் எடுத்து வேறு சர்வரில் ரீஸ்டோர் செய்தால் செய்திகள் பின்னால் வராது; அங்கே அந்த எண்ணை ரெய்ஸ்எரர் எழுப்பும்போது 18054 என்ற வேறு புகார் வரும். த்ரோவுக்கு இந்தத் தொல்லை இல்லை, எண்ணையும் செய்தியையும் அங்கேயே கொடுத்துவிடுகிறோம். தமிழில் கொடுத்தால் மேற்கோளுக்கு முன் ஆங்கில 'என்' எழுத்தைப் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் செய்தி முழுக்கக் கேள்விக்குறிகளாக வரும். என் பழக்கம், தரவுத்தளத்திலிருந்து எண்ணையும் ஒரு சிறு ஆங்கில வரியையும் அனுப்பி, பயனர் பார்க்கும் தமிழ் வாக்கியத்தைத் திரைப் பக்கத்தில் எண்ணை வைத்துத் தேர்ந்தெடுப்பது. செய்தியின் ஒரு சொல்லைத் திருத்த புரொசீஜரைத் திறக்க வேண்டியதில்லை.

ரெய்ஸ்எரருக்கு நான் இன்னும் வைத்திருக்கும் வேலை ஒன்றே ஒன்று. நீண்ட நேரம் ஓடும் வேலையில் 'இத்தனை வரி முடிந்தது' என்று சொல்ல, செவிரிட்டி 0-இல் வித் நோவெய்ட் சேர்த்துப் போட்டால் செய்தி உடனே திரைக்கு வரும். பிரிண்ட் செய்திகள் பஃபரில் தேங்கித் தேங்கித்தான் வரும்.

ஒரு புரொசீஜர் இன்னொன்றை அழைக்கும்போது எழும் குழப்பத்தையும் பார்க்க வேண்டும். உள்ளே பிகின் டிரான்சாக்‌ஷன் போட்டால் தனி டிரான்சாக்‌ஷன் பிறக்காது, எண்ணிக்கைதான் 2 ஆகும். உள் கமிட் அதை 1-க்குக் குறைக்கும், அவ்வளவுதான். ஆனால் ரோல்பேக் எங்கிருந்து வந்தாலும் மொத்தத்தையும் திருப்பி 0 ஆக்கிவிடும். அதனால்தான் வெளிப்புரொசீஜரின் கேட்ச்சில் @@டிரான்கவுண்ட்டைப் பார்த்துவிட்டு ரோல்பேக் செய்யச் சொன்னேன். பார்க்காமல் செய்தால் 3903 வரும். உள்ளே பிழையை விழுங்கிவிட்டு ரோல்பேக் மட்டும் செய்தால், நுழைந்தபோதிருந்த எண்ணிக்கையும் வெளியே வந்தபோதிருந்த எண்ணிக்கையும் ஒத்துப்போகாமல் 266 வரும். 266-ஐப் பார்த்தால் அதைத் துரத்தாதீர்கள். உள்ளே யாரோ ஒரு பிழையை மறைத்திருக்கிறார், அதைத் தேடுங்கள்.

எல்லாப் பிழையையும் மேலே அனுப்பத்தான் வேண்டுமா? இரண்டு விதிவிலக்கு சொல்வேன். டெட்லாக் 1205 வந்தால் உங்கள் குறியீட்டில் தவறு இல்லாமலும் இருக்கலாம். இரண்டு பேர் ஒருவர் பூட்டுக்கு ஒருவர் காத்திருந்தார்கள், சர்வர் ஒருவரைப் பலி கொடுத்தது, அவ்வளவுதான். சிறிது இடைவெளி விட்டு, முழு டிரான்சாக்‌ஷனையும் முதலிலிருந்து, இரண்டு மூன்று முறைக்கு மிகாமல் திரும்ப முயலலாம். இந்த முயற்சி டிரான்சாக்‌ஷனைத் தொடங்கிய இடத்தில்தான் இருக்க வேண்டும். உள்புரொசீஜரில் வைத்தால், வெளியே செய்த வேலை ஏற்கனவே திரும்பிப் போயிருக்கும். உங்கள் வேலையில் டெட்லாக் வர வழியும் இருக்கிறது: ஒருவர் அ-விலிருந்து ஆ-வுக்கும் மற்றவர் ஆ-விலிருந்து அ-வுக்கும் ஒரே சரக்கை மாற்றினால் போதும். குடோன் எண்ணின் ஏறுவரிசையில் எப்போதும் அப்டேட் செய்தால் அது பெரும்பாலும் நின்றுவிடும்.

இரண்டாவது, இரட்டைப் பதிவு. இல்லையென்றால் சேர், இருந்தால் கூட்டு என்று எழுதும் இடத்தில் 2627 எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் எக்ஸாக்ட்_அபார்ட் ஆன் நிலையில் அதைப் பிடித்துவிட்டு அதே டிரான்சாக்‌ஷனைத் தொடர முடியாது என்று மேலே பார்த்தோம். அதனால் பிழை வரவிடாமல் தடுப்பதே வழி: அப்டேட்டில் அப்ட்லாக், ஹோல்ட்லாக் என்ற இரண்டு குறிப்பையும் கொடுத்து முதலில் கூட்டிப் பாருங்கள், 0 வரி என்றால் இன்சர்ட் செய்யுங்கள். பெறும் குடோனுக்கு இதுதான் சரியான தீர்வு. 50011 எழுப்ப வேண்டிய தேவையே போய்விடும்.

வேறு தரவுத்தளம் பயன்படுத்துபவர்களுக்குச் சுருக்கமாக. போஸ்ட்கிரெஸில் டிரான்சாக்‌ஷனுக்குள் ஒரு பிழை வந்தால், ரோல்பேக் செய்யும்வரை மற்ற எந்தக் கட்டளையையும் அது ஏற்காது; இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்தது அதன் கண்டிப்புதான். அங்கே புரொசீஜருக்குள் எக்ஸெப்ஷன் பிளாக் வைத்தால் அது தானாகவே ஒரு உள்டிரான்சாக்‌ஷன் ஆகும், பிழை வந்தால் பிளாக்கின் தொடக்கம்வரை திரும்பும். அதற்கு ஒரு செலவு உண்டு, லட்சம் முறை சுற்றும் லூப்புக்குள் வைக்காதீர்கள். ஆரக்கிளில் நம் பிழைகளுக்கு -20000 முதல் -20999 வரை ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே பிழைப் பதிவேட்டுக்கு அட்டானமஸ் டிரான்சாக்‌ஷன் என்ற தனி வசதி இருப்பதால், முதன்மை வேலை திரும்பினாலும் பதிவு நிற்கும். அதே ஆரக்கிளில்தான் 'வென் அதர்ஸ் தென் நல்' என்ற வரியும் இருக்கிறது. எந்தப் பிழை வந்தாலும் ஒன்றும் செய்யாதே என்பது அதன் பொருள். கண்டால் முதலில் அதை எடுங்கள். மைஎஸ்கியூஎல்லில் 5.5 முதல் சிக்னல் இருக்கிறது, நம் பிழைகளுக்கு 45000 என்ற நிலைக்குறி. எஸ்கியூஎல் சர்வரிலிருந்து அங்கே போகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அங்கேயும் 1205 உண்டு, ஆனால் அது டெட்லாக் அல்ல, பூட்டுக்காகக் காத்திருந்து நேரம் தீர்ந்தது. டெட்லாக் அங்கே 1213. டெட்லாக்கில் முழு டிரான்சாக்‌ஷனும் திரும்பும், காத்திருப்புத் தீர்ந்தால் இயல்பாக அந்தக் கடைசிக் கட்டளை மட்டும்தான் திரும்பும். எண்ணை அப்படியே எடுத்துப் போய் 'திரும்ப முயற்சி செய்' என்று எழுதினால், மிச்சக் கட்டளைகள் இரண்டு முறை ஓடும்.

மாற்றிய புரொசீஜரை எப்படிச் சோதிப்பது? எல்லாம் சரியாக ஓடும் பாதையை எல்லோரும் சோதிக்கிறார்கள், கேட்ச்சை யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை. சோதனை டேட்டாபேஸில் இரண்டாவது அப்டேட்டுக்குப் பிறகு 1-ஐ 0-வால் வகுக்கும் ஒரு செலக்ட் வரியை வையுங்கள், 8134 வரும். முதல் குடோன் இருப்பு மாறாமல் இருக்கிறதா, பிழைப் பதிவேட்டில் வரி இருக்கிறதா, திரையில் 8134 தெரிகிறதா என்று மூன்றையும் பாருங்கள். பிறகு அந்த வரியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் 40 விநாடி காத்திருக்கும் வெய்ட்ஃபார் வரி ஒன்றை வைத்து உங்கள் பில்லிங் திரையிலிருந்தே ஓட்டி, டைம்அவுட் ஆனதும் @@டிரான்கவுண்ட்டை நம்பாமல் வேறொரு இணைப்பிலிருந்து அந்தச் சரக்கு வரியைப் படித்துப் பாருங்கள். படிக்க முடியாமல் நின்றால் இரண்டாம் வரி விடுபட்டிருக்கிறது.

இந்த ஒரு புரொசீஜர் மட்டும் இப்படி இருக்காது. சிஸ்.எஸ்கியூஎல்_மாட்யூல்ஸ் என்ற வியூவில் எல்லா புரொசீஜரின் மூலமும் இருக்கிறது. 'பிகின் கேட்ச்' இருந்து 'த்ரோ'வும் 'ரெய்ஸ்எரர்'உம் இல்லாதவற்றை ஒரு லைக் தேடலில் பட்டியலிடுங்கள். அதில் பணத்தையும் இருப்பையும் தொடுபவற்றை மேலே ஏற்றி, அவற்றிலிருந்து திருத்தத் தொடங்குங்கள். திருத்திய முதல் வாரத்தில் திரையில் பிழைகள் கூடும், பயனர்கள் அழைப்பார்கள். அவை புதிதாக வந்தவை அல்ல, முன்பும் இருந்தவைதான் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.